குதிகாலுக்கும் ஒரு பணி



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்லப் பாதைகள் இரண்டு உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளை உடைய பாதையை உல்லாசப் பயணிகள் யாவரும் அறிவர். மற்றொன்று, குப்பனூரில் சேர்வராயன் மலையின் அடிவாரத்தைத் தொட்டு, கொட்டச்சேடு வழியாக மேலே செல்வது. மழைக்காலத்தில் முதற்பாதையில் மண் சரிந்து வழியடைத்துக்கொண்டால், ஊரார்க்கு இந்த இரண்டாம் பாதைதான் துணை. எங்கள் உபதேசியாரின் இல்லம் அப்பாதை தொடங்கும் குப்பனூரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு சிறு பட்டறை. ஒரு வைஸ், கையால் சுற்றும் டிரில், நாலைந்து அரங்கள், ஒரு வெல்டிங் இயந்திரம், சுவரோரமாகத் துண்டு இரும்புகள். இவ்வளவே அவருடைய சொத்து. இளமையில் லேத் பட்டறையில் கற்ற தொழிலை அவர் இன்றும் விட்டுவிடவில்லை. அந்தப் பட்டறையில் நான் கற்ற ஒரு பாடத்தையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அது எனக்குப் பெருமை தரும் பாடமன்று என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

மைத்துனரின் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறியபோது, ஏணி சரிந்து உபதேசியார் கீழே விழுந்தார். வலது கணுக்கால் நொறுங்கிற்று. மருத்துவர்கள் நெடுநாள் முயன்று, இறுதியில் அந்த மூட்டு அசையாதபடி எலும்புகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள். வலி நீங்கியது, நடையும் வந்தது. ஆனால் பாதத்தை மேலும் கீழும் மடக்கும் ஆற்றல் போயிற்று. வலப் பாதமும் முழங்காலுக்குக் கீழுள்ள காலும் ஒரே கட்டையாகிவிட்டன.

இதனால் அவருக்கு நேர்ந்த பெரிய இடர் நடப்பதில் இல்லை, வண்டி ஓட்டுவதில்தான். அவருடையது பழைய புல்லட் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவாக உருவெடுத்தது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல்லாண்டுகள் புல்லட்டுகள் வெளிவந்தன. அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளின் மரபுப்படி அதற்கு வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக். 1970-களின் நடுவில் அமெரிக்கா கியர் இடப்பக்கமே இருக்க வேண்டுமென்று விதி வகுத்த பின்பு, உலகத்து வண்டிகள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. நம் புல்லட்டோ 2000-க்குப் பிறகே படிப்படியாக மாறிற்று. உபதேசியாரின் வண்டி மாறுதலுக்கு முந்தியது. முதல் கியருக்கு விரல்நுனியால் லீவரை மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே அழுத்த வேண்டும்.

கீழே அழுத்த அவரால் இயன்றது. காலை முழுவதுமாக எடுத்து மிதித்துவிடுவார். மேலே தூக்குவதுதான் இயலவில்லை. பாதம் மடங்கினாலன்றோ பெருவிரல் லீவருக்கு அடியில் நுழையும்? ஆகவே ஏறுவது ஒருவாறு நடந்தது, இறங்குவது நடக்கவில்லை. மலைச்சாலையில் ஓட்டுவோர் யாரைக் கேட்டாலும், ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதிலேயே இறங்கு என்பார்கள். தாழ்ந்த கியரில் சக்கரம் இயந்திரத்தைச் சுழற்ற முயல்கிறது. இயந்திரம் அதைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடை இல்லையேல் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறும், சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டிருக்கும் மனிதர் இரண்டாம் கியருக்கு வர முடியாமற் போனால், அடுத்த வளைவு அவருக்குக் கண்டமாகிவிடும். சில மாதங்கள் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, குனிந்து கையாலேயே லீவரைத் தூக்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகே அறிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் அவர் சக்கிறீஸ்திக்கு வந்து, "சாமி, மலைமேல் ஊர்களுக்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்றார். எனக்கு நெஞ்சில் இடி விழுந்தாற்போல் இருந்தது. மேலே உள்ள சிற்றூர்களுக்கு என்னால் மாதம் ஒருமுறை செல்ல இயன்றால் பெரிது. வாரந்தோறும் சென்று, செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோய் வந்தவர் அவரே. படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டி மூன்று மாதமாக ஆண்டவரை உட்கொள்ளவில்லை என்று அன்றுதான் தெரியவந்தது.

வாகனம் இல்லாமையால் உயிர் போவதும் ஆன்மாக்கள் காத்துக்கிடப்பதும் திருச்சபைக்குப் புதிதல்ல. ஜெர்மானிய குரு பவுல் ஷுல்ட்டே என்பார், ஆப்பிரிக்காவில் மறைபரப்பாளராயிருந்த தம் நண்பர் நோயுற்றபோது விரைந்து மருத்துவமனை சேர வழியின்றி இறந்ததைக் கேட்டு, 1927-இல் மீவா என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறைபரப்பு நாடுகளின் குருக்களுக்கும் உபதேசியார்களுக்கும் வாகனம் வாங்கித் தருவதே அதன் பணி. ஆனால் எங்கள் உபதேசியாருக்கு வாகனம் இருந்தது. கால்தான் அதற்குப் பொருந்தவில்லை.

"பங்கு மக்களிடம் நிதி திரட்டி, கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கித் தருகிறேன்" என்றேன். அவர் மெல்லச் சிரித்தார். "இறக்கத்தில் இன்ஜின் பிடித்துக்கொடுக்க வேண்டும், சாமி. மெதுவாகப் போகும்போது கியரில்லாத வண்டியில் அந்தப் பிடி விட்டுவிடும். பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். சமவெளிக்கு அது நல்லது. இந்த மலைக்கு எனக்குப் பயம்" என்றார். பின்பு சற்று யோசித்து, "விரலால் தூக்க முடியாவிட்டால் என்ன? பின்பக்கம் குதிகாலால் அழுத்தினால் முன்பக்கம் தானே எழும்" என்றார். ஏற்றப்பலகை விளையாடும் சிறுவனும் அறிந்த உண்மை இது. நடுவில் அச்சு, இருபுறமும் கை. ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் அத்தகைய இரட்டை மிதி ஆலையிலேயே வைத்து வருகிறது. இவருடைய வண்டியில் இல்லை. அதை நாமே செய்தால் என்ன?

அடுத்த சனிக்கிழமை நான் குப்பனூர் சென்றேன். கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கி, பிரித்துப் பூட்டிப் பார்த்துத் தொழில் கற்றார் என்னும் வரலாறு சிறுவயது முதல் என் உள்ளத்தைக் கவர்ந்தது. நானோ குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தேனேயன்றி அரம் பிடிக்கப் படிக்கவில்லை. ஆயினும் இயந்திரங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கேதான் பிழை தொடங்கிற்று.

உபதேசியார் முதலில் அட்டையை வெட்டி மாதிரி செய்தார். பிறகு கம்பியை வளைத்துப் பார்த்தார். பின்கை குட்டையாக இருந்தது. "இன்னும் நீளமாக வையுங்கள். நெம்புகோல் நீளமானால் அழுத்துவது இலேசாகும், இது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி" என்றேன். அவர் ஒரு கணம் தயங்கினார். "சரிங்க சாமி" என்றார். நான் சொன்ன நீளத்துக்கு இரும்புப் பட்டையை அறுத்து, வளைத்து, பழைய லீவரின் கழுத்தில் வெல்டிங் செய்தார். மாலைக்குள் வேலை முடிந்தது. பார்வைக்கு அழகாயிருந்தது. குருமனைக்குத் திரும்பும்போது எனக்குள் சிறிது கர்வம் இருந்ததென்றே சொல்ல வேண்டும்.

மறுவாரம் சென்றேன். மலையேறும் முன் சோதிக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். முதலில் கிக்கரை மிதித்தார். அது பாதி வழி இறங்கியதும் புதிய கையின் முனையில் 'ணங்'கென்று மோதிற்று. புல்லட்டில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே பக்கம், ஒன்றன் அருகே ஒன்று இருப்பதை நான் எண்ணவேயில்லை. பின்பு அவர் அந்தக் கையின் நுனியில் சாக்பீஸைத் தடவினார். "சாமி, இந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, வண்டியை வலப்புறமாகச் சாய்த்துக்கொண்டே வந்தார். ஃபுட்ரெஸ்ட் தரையைத் தொடுவதற்கு வெகு முன்னதாகவே சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

அந்தக் கோட்டின் பொருளை அவரே விளக்கினார். வலப்புற வளைவில் வண்டி சாயும்போது பின்கையின் நுனி சாலையில் உரசும். சாலை அதை மேலே தள்ளும். பின்கை எழுந்தால் முன்கை தாழும்; முன்கை தாழ்ந்தால் கியர் ஏறும். இரண்டாம் கியரில் அடங்கி இறங்கும் வண்டி, வளைவின் நடுவிலே தானாக மூன்றாம் கியருக்குத் தாவிவிடும்; அல்லது பாதியில் சிக்கி எந்தக் கியரிலும் இல்லாமல் ஓடும். அப்புறம் தடுப்புச் சுவர்தான். அதுவுமன்றி, பாதம் மடங்காதவர் தொடையின் பலம் முழுவதையும் கொடுத்தே மிதிக்கிறார். நீண்ட கையில் அவ்வளவு பலம் விழுந்தால் உள்ளே பற்சக்கரங்களை நகர்த்தும் உறுப்புகளும் நாளடைவில் கெட்டுப்போகும். அவருக்குத் தேவை அதிக பலமன்று. சரியான இடம் மாத்திரமே.

"இதெல்லாம் இப்போதுதான் தெரிந்ததா?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "அன்றைக்கே தெரியும், சாமி. நீங்கள் சொன்னீர்களே என்று இருந்துவிட்டேன்."

அன்பர்களே, அந்த ஒரு வாக்கியம் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. கற்றவர் அவர், கல்லாதவன் நான். ஆயினும் நான் சொன்னபடி அவர் செய்தார். ஏன்? நான் குரு. என் சொல்லுக்கு மறுசொல் கூறலாகாது என்னும் மரியாதை அவரைக் கட்டிப்போட்டது. அந்த மரியாதையை நான் ஆண்டுக்கணக்கில் இனிதாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் சோதிக்காமல் ஏறியிருந்தால், அந்த மரியாதையே அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் அநாதைகளாக்கியிருக்கும். மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்று, அவர் மனைவியின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். "இனி இந்தப் பட்டறையில் நீங்கள் ஆசிரியர், நான் கையாள். தவறென்று கண்டால் தவறு என்று சொல்ல வேண்டும். இது என் வேண்டுகோள்" என்றேன்.

இரண்டாம் லீவர் அவருடைய அறிவின்படியே உருவாயிற்று. நான் பிடித்தேன், தேய்த்தேன், தேநீர் வாங்கிவந்தேன். அச்சிலிருந்து முன்கை எவ்வளவு தூரமோ அதற்கு மிகாமல் பின்கையை அளந்தார். பழைய புல்லட்டில் கியர் லீவருக்கு அருகே நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனிச் சிறுமிதி ஒன்று உண்டு. அதையும் கிக்கரின் பாதையையும் தொடாதவாறு, பின்கையைச் சற்று வெளியே தள்ளி மேல்நோக்கி வளைத்தார். அதன் நுனி ஃபுட்ரெஸ்ட்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை. வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்யாமல் லீவரைக் கழற்றியே செய்தார். இல்லையேல் வெப்பத்தில் ஆயில் சீல் கருகும், மின்சாரத்தில் வண்டியின் மின்கருவிகள் கெடும் என்றார். பற்றவைத்த இரும்பைத் தண்ணீரில் தோய்க்க நான் வாளியை எடுத்தபோது, "வேண்டாம் சாமி, அது தவறு" என்றார். என் காதுக்கு அந்தச் சொல் எவ்வளவு இனிமையாக இருந்தது! திடீரெனக் குளிர்ந்தால் சிலவகை இரும்பு மொறுமொறுப்பாகி வெடிக்கும். சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும் என்று கற்பித்தார். விளிம்புகளையெல்லாம் அரத்தால் உருட்டினார். கூரிய மூலையிலிருந்தே விரிசல் பிறக்கும் என்பது அவர் தொழிலின் அனுபவம். நுனியில் பழைய சைக்கிள் மிதியின் ரப்பரைப் பொருத்தினார். லீவரை வைஸில் இறுக்கி, அதன்மேல் தாமே ஏறி நின்று பார்த்தார், வளையவில்லை. மறுபடியும் கிக்கர், மறுபடியும் சாக்பீஸ். இம்முறை ஃபுட்ரெஸ்ட்டே முதலில் தரையைத் தொட்டது. பின்கையின் சாக்பீஸ் சிறிதும் கலையவில்லை.

அத்துடன் அவர் விட்டுவிடவில்லை. தம் கால் நிலையை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் தெரிவித்து, மருத்துவச் சான்றும் காட்டி வந்தார். "இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இது எதற்கு?" என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உடற்குறை உடையோரின் வண்டியை இயலாதோர் ஊர்தி என்னும் பொருள்பட அழைத்து வந்தது. 2019-இல் செய்த திருத்தம் அப்பெயரை நீக்கி, தகவமைத்த வாகனம் என்று பெயரிட்டது. கவனித்தீர்களா? முன்பு குறையை மனிதன்மேல் எழுதினார்கள். இப்போது மாற்றத்தை வண்டியின்மேல் எழுதுகிறார்கள். பெயரில் நேர்ந்த இம்மாறுதல் அறத்திலும் நேர்ந்த மாறுதலாகும்.

நம் நாட்டிலேயே இதற்கு உயர்ந்த முன்மாதிரி உண்டு. 1960-களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தி, காலிழந்தோருக்கு மேனாட்டுச் செயற்கைக் கால்களைப் பொருத்திவந்தார். அவற்றோடு சப்பணமிட்டு அமர முடியாது. வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. பலர் அவற்றை மூலையில் போட்டுவிட்டுக் கோலூன்றியே நடந்தார்கள். ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். ரப்பரைக் கொண்டு நம் மக்களின் வாழ்வுக்கேற்ற பாதத்தைச் செய்ய வழி கண்டவர் அவரே. 1968-இல் ஜெய்ப்பூர் கால் பிறந்தது. டாக்டர் சேத்தி 1981-இல் மகசேசே விருது பெற்றார். மருத்துவர் கைவினைஞரின் சொல்லுக்குச் செவிசாய்த்ததால் எண்ணற்றோர் எழுந்து நடந்தார்கள். செவிசாய்க்காத மருத்துவராயிருந்தால்? குப்பனூர்ப் பட்டறையில் முதல் சனிக்கிழமை நான் இருந்ததுபோல இருந்திருப்பார்.

புனித சூசையப்பரை நாம் தச்சர் என்கிறோம். நற்செய்தியில் உள்ள கிரேக்கச் சொல் மரத்திலும் பிற பொருள்களிலும் வேலை செய்யும் எந்தக் கைவினைஞரையும் குறிக்கும். மத்தேயு அச்சொல்லைச் சூசையப்பருக்கு வழங்குகிறார். மாற்கு நம் ஆண்டவருக்கே வழங்குகிறார். இயேசு ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டின் வேதசாட்சியான புனித யுஸ்தீன் எழுதிவைத்தார். நுகத்தடி செய்பவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? மாட்டின் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்துக்கு ஏற்ப மரத்தைச் செதுக்க வேண்டுமேயன்றி, மரத்துக்கு ஏற்பக் கழுத்தைச் செதுக்கலாமா? 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில், உழைப்பின் மதிப்பை உழைக்கும் மனிதனைக் கொண்டே அளக்க வேண்டுமென்று வலியுறுத்தினார். கருவியும் அத்தகையதே. மனிதனுக்காகக் கருவி.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு வரைந்த முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். உடலின் உறுப்புகளைப் பேசவைக்கும் அப்பகுதியில் முதலில் வாய் திறப்பது கால்தான். விரல் செய்த வேலையைக் குதிகால் ஏற்றுக்கொண்டபோது எனக்கு அந்த அதிகாரம் புதிதாய் விளங்கிற்று. ஓர் உறுப்பு தளர்ந்தால் மற்றோர் உறுப்பு அதன் சுமையைத் தாங்குகிறது. ஆனால் குதிகாலுக்கு அதன் வேலையைச் செய்ய இடம் கொடுக்க வேண்டும். அந்த இடம் எதுவென்று குதிகாலையே கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் சமவெளியில் ஓட்டிப் பழகியபின், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவர் மலையேறினார். நான் மற்றொரு வண்டியில் பின்தொடர்ந்தேன். பாட்டியின் குடிசையில் நற்கருணை வழங்கினோம். திரும்பி இறங்குகையில் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் அவருடைய வலது கால் சற்றே எழுந்து, குதிகால் பின்மிதியில் பதிவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இயந்திரம் தாழ்ந்த குரலில் முழங்கி வண்டியைப் பிடித்தது. அன்று நான் சொன்ன செபமாலையில் மணிகளைவிட வளைவுகளே அதிகம் நினைவில் நின்றன.

இல்லறத்தாரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய உபதேசியார் ஒருவர் இருக்கக்கூடும். அடுப்படியில் நிற்கும் மனைவியாயிருக்கலாம், கடைசி மகனாயிருக்கலாம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவாயிருக்கலாம். அவர்கள் உங்களுக்கு முன் "சரிங்க" என்று சொல்லும்போது, அது உடன்பாடா, அச்சமா என்று ஒருமுறை உற்று நோக்குங்கள். தவறைத் தவறென்று சொல்ல அவர்களுக்குத் துணிவு தருவது உங்கள் கையில் இருக்கிறது. சென்ற மாதப் பங்குப் பேரவையில், ஆலயக் கூரை வேலையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கையில், எங்கள் உபதேசியார் எழுந்து நின்று, "சாமி, அது சரிவராது" என்றார். கூடியிருந்தோர் திகைத்தனர். நான் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டேன்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் உங்கள் கைகளின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக.